ஏழு சீட், ஒன்பது தலை

வெங்கடரமணனுக்கு ஒரு சீட் போதும். அதுவும் ஓட்டுகிறவன் உட்காரும் சீட். மற்றதெல்லாம் கம்பெனியின் தாராள மனசு.

பெருங்குடியில் அவன் வேலை பார்த்த மென்பொருள் கம்பெனி, 1999 மே மாதத்தில் சீனியர்கள் நான்கு பேருக்குக் கார் கொடுப்பதென்று முடிவு செய்தது. சாதாரணக் கார் இல்லை. ஜீப்பின் உயரமும் காரின் சொகுசும் சேர்ந்த பெரிய வண்டி. சென்னைத் தெருக்களில் அப்போதுதான் ஒன்றிரண்டாகத் தென்பட ஆரம்பித்திருந்தது. எந்த மாடல் என்று மாதம் முடிவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மற்ற மூவரும் படிவம் வந்த அன்றே கொடுத்துவிட்டார்கள். வெங்கடரமணனின் படிவம் மேஜை டிராயரில் கிடந்தது. மாடல் என்ற கட்டத்தை எதையாவது போட்டு நிரப்பிவிடலாம். அதற்கு மேலே இருந்த கட்டம்தான் கையைப் பிடித்தது. குடும்பத்தில் எத்தனை பேர்?

போன ஆகஸ்டு வரை மூன்று. மாளவிகா மஞ்சள் காமாலையில் பதினோரு நாள் படுத்திருந்தாள். பன்னிரண்டாம் நாள் அவள் இல்லை. அவனுக்கு வயது முப்பத்து மூன்று. மகள் ஹம்சாவுக்கு ஐந்து முடிந்து ஆறு. காரியமெல்லாம் ஆனபின் மாளவிகாவின் அக்கா சுப்புலக்ஷ்மி குழந்தையை மயிலாப்பூருக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். வெங்கடரமணன் பெசன்ட் நகர் பிளாட்டில் தனியாக இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பார்ப்பான். ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன், "நம்மாத்துக்குப் போலாமா?" என்று கேட்பான். ஹம்சா மரியாதையாக, "அடுத்த வாரம்" என்பாள். ஒன்பது மாதமாக அந்த அடுத்த வாரம் வரவில்லை.

ஜூனில் அவள் ஒன்றாம் வகுப்பு போக வேண்டும். அடையாறில் ஒன்று, மயிலாப்பூரில் ஒன்று என்று இரண்டு பள்ளிக்கூடங்களில் இடம் சொல்லி வைத்திருந்தது. ஒன்றை விட வேண்டும். அடையாறை விட்டால் அவள் மயிலாப்பூரிலேயே வளர்ந்துவிடுவாள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

சுப்புலக்ஷ்மி நேராகவே பேசினாள். "இழுத்துண்டு போகாதீங்கோ, வெங்கட். அவளா வந்தா நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வரலேன்னா இங்கயே படிக்கட்டும்."

நியாயம்தான் என்று அவனுக்குப் பட்டது. வலித்ததா என்றால் தெரியவில்லை. அந்த நாட்களில் எது வலிக்கிறது, எது வலிக்கவில்லை என்று அவனுக்குப் பிரித்துச் சொல்ல வரவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் தி.நகர் ஷோரூமிலிருந்து ஆசிஃப் முதல் வண்டியைக் கொண்டுவந்தான். கழுத்தில் டை, இடுப்பில் பேஜர், வாயில் ஓயாத பேச்சு. சுப்புலக்ஷ்மி வீட்டு வாசலில் வண்டி நின்றதும் எதிர்வீட்டு மாடியில் நாலு தலை முளைத்தது. கறுஞ்சிவப்பு வண்டி. சக்கரம் ஒவ்வொன்றும் ஹம்சாவின் மார்பு உயரம். இரண்டே கதவு. பின் சீட்டுக்கு மேலே கூரைவரை வளைந்து ஏறும் கண்ணாடி.

"சார், இது குடும்பஸ்தன் வண்டியில்ல. ரேஸ் குதிரை. நாலு பேரு குந்தலாம். ஆனா குந்த வெச்சு ஓட்டுற வண்டியில்ல இது, ஓட்டிக் காட்டுற வண்டி."

ஹம்சா பின்னால் ஏறினாள். இல்லை, ஏற்றப்பட்டாள். முன் சீட்டை மடித்து, அவளை உள்ளே அனுப்பி, மறுபடி சீட்டை நிமிர்த்தினான் ஆசிஃப். வண்டி லஸ் முனை தாண்டி ஆழ்வார்பேட்டைப் பக்கம் போனது. வெங்கடரமணன் ஓட்டினான். கண்ணாடிக் கூண்டுக்குள் அண்ணாந்து உட்கார்ந்திருந்தாள் குழந்தை. மழைமரங்களின் அடிப்பக்கம், மின்கம்பி, காக்கை, சினிமா நடிகரின் நாற்பதடிக் கட்-அவுட்.

"அப்பா! எப்பவும் காலும் வேஷ்டியும்தான் தெரியும். இப்போ மூஞ்சி தெரியறது!"

அவள் அப்படிக் கத்தி எத்தனை மாதமாயிற்று என்று அவன் எண்ணிப் பார்த்தான். முடித்துவிடலாம், இதுதான் வண்டி என்று மனசுக்குள் படிவத்தை நிரப்பினான்.

அப்போது அவள் கேட்டாள். "என் கதவு எங்கே?"

"உனக்குத் தனியாக் கதவு கிடையாது. அப்பா இறங்கி, இந்த சீட்டை மடிச்சு விட்டா நீ இறங்கலாம்."

"அப்பா இறங்கலைன்னா?"

ஆசிஃப் சிரித்தான். "இன்னா பாப்பா, அப்பா இறங்காம வண்டியிலயே குடித்தனம் பண்ணப்போறாரா?"

ஹம்சா சிரிக்கவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவள் கண் தெரிந்தது. பதிலுக்குக் காத்திருக்கும் கண்.

வெங்கடரமணனுக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாகத் திரும்பிய அந்த மத்தியானம், வாடகை அம்பாசிடர் பிளாட் வாசலில் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். அவன் இறங்கவில்லை. டிரைவர் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நிழலில் போய் நின்றுகொண்டான். ஒரு மணி நேரமோ, அதற்கு மேலோ. இரண்டாவது மாடிப் பால்கனிக் கதவு தாழிட்டிருந்தது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் குழந்தையின் முகம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். பார்த்தும் இறங்கவில்லை. அதைப்பற்றி அதற்குப்பின் யாரும் பேசியதில்லை. குழந்தைக்கு மறந்திருக்கும் என்று நினைத்திருந்தான்.

அவன் மயிலாப்பூருக்கே திரும்பினான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். ஆசிஃப்தான் இறங்கி, சீட்டை மடித்து, ஹம்சாவை இறக்கினான். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

"வேற வண்டி இருக்கா?" என்று கேட்டான் வெங்கடரமணன்.

"அஞ்சு கதவு, ஏழு சீட்டு ஒண்ணு வந்துகீது சார். ஞாயித்துக்கிழமை எடுத்தாறேன். வூட்ல எத்தினி பேரு சார்?"

"தெரியலை."

ஆறு வருஷமாக வண்டி விற்கும் ஆசிஃப் இந்தப் பதிலைக் கேட்டதில்லை. குறித்துக்கொள்ள எடுத்த பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டான்.

ஞாயிறு காலை அந்தப் பெரிய வண்டி சந்துக்குள் நுழைந்தபோது பூக்காரி கூடையை நகர்த்தினாள், இஸ்திரி வண்டி ஓரங்கட்டியது, ஒரு மாடு தானாகவே எழுந்து வழிவிட்டது. சுப்புலக்ஷ்மியின் கணவர் பத்ரிநாராயணன் துண்டோடு வாசலுக்கு வந்தார். இன்சூரன்ஸ் ஆபீசர். எடை நூற்றுப்பத்துக் கிலோ. எந்தப் பொருளையும் உட்கார்ந்து பார்க்காமல் நம்ப மாட்டார்.

ஆசிஃப் ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினான். "முன்னால ரெண்டு, நடுவுல மூணு, பின்னால எதிரும் புதிருமா ரெண்டு. மொத்தம் ஏழு. ரெண்டு ஏசி, பவர் ஸ்டீயரிங்."

"ஏழு பேர்னா எந்த ஏழு பேர்?" என்றார் பத்ரிநாராயணன். "உன்னை மாதிரி ஏழா, என்னை மாதிரி ஏழா?"

"உங்கள மாதிரி மூணு, என்ன மாதிரி நாலு சார்."

"உண்மை பேசறான் ஓய், வெங்கட். இவன்கிட்ட தைரியமா வாங்கலாம்."

பெசன்ட் நகர்வரை போய்த் திரும்புவதாகப் பேச்சு. வெங்கடரமணன், பத்ரிநாராயணன், ஹம்சா. மூவரும் படியிறங்கியபோது சுப்புலக்ஷ்மி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

"நில்லுங்கோ! மூணு பேராவா கிளம்பறது? நல்ல காரியத்துக்கு மூணு பேர் போவாளா?"

"ஆசிஃபோட நாலு ஆச்சேடி."

"அவர் விக்க வந்தவர். நம்ம பக்கம்தான் கணக்கு."

ஆசிஃபுக்கே இது நியாயமாகப் பட்டதுபோல் தலையாட்டினான். வீடு ஒன்றுக்குப் போனால் அந்த வீட்டுச் சட்டம் என்பது அவன் தொழிலில் முதல் பாடம்.

"கையில ஒரு கல்லை எடுத்துண்டு நாலுன்னு வெச்சுக்கறோம்," என்றார் பத்ரிநாராயணன்.

"புது வண்டியில கல்லைப் போட்டுண்டு போங்கோ, பேஷா இருக்கும்." சுப்புலக்ஷ்மி தெருவைப் பார்த்தாள். மூலைத் தையல்கடை ஹாஜிரா பீ, ஹம்சாவின் புதுப் பாவாடையைப் பையில் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். "ஹாஜிரா பீ! ஒரு ஒத்தாசை. இவாளோட பெசன்ட் நகர் வரைக்கும் போயிட்டு வரணும். நாலாவது ஆளா."

ஹாஜிரா பீ வண்டியை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "இதுலயா? யா அல்லா, மெத்த வூடு மாதிரி கீது! நான் வர்றேன் சுப்பும்மா. ஆனா எம்பொண்ணு ரூபீனா புள்ள பெத்து நாப்பது நாளா ரூம்லயே கெடந்து நேத்துதான் தலைக்கு ஊத்திக்கினா. அவள வுட்டுட்டு நான் மட்டும் காத்து வாங்கப் போனா ஒரு மாசத்துக்குச் சொல்லிக் காட்டுவா."

ரூபீனா கைக்குழந்தையோடு வந்தாள். இப்போது ஐந்து.

"பாப்பாவோட ஆறு," என்றாள் ஹம்சா.

"பல்லு முளைக்காதது கணக்குல வராதுடி," என்றாள் சுப்புலக்ஷ்மி. சொல்லிவிட்டு வண்டியைப் பார்த்தாள், கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள், உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "எல்லாரும் போறேள். நான் மட்டும் குழம்பு கிளறவா? சாய்சரண், சட்டையைப் போட்டுண்டு வாடா." அவள் மகன் சட்டை பாதி, கை பாதியாகப் பாய்ந்து வந்தான்.

இப்படியாக, மூன்று பேர் ஆகாதென்று ஒன்பது பேர் ஆனார்கள்.

வெங்கடரமணன் ஒதுங்கி நின்று பார்த்தான். இத்தனை பேரும் இந்த வண்டிக்குள் எப்படி அடங்குவார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. அவன் என்ஜினீயர், கணக்குத் தெரிந்தவன், அடங்காது என்று தெரியும். ஆனால் ஹாஜிரா பீயும் சுப்புலக்ஷ்மியும் அடக்கினார்கள். முன் இருக்கையில் பத்ரிநாராயணன், பின்னால் தள்ளக்கூடிய மட்டும் தள்ளி. நடுவில் பெண்கள் மூவரும், ரூபீனா மடியில் குழந்தையும். ஒருவர் முன்னால் நகர்ந்தால் அடுத்தவர் பின்னால் சாய வேண்டும், தோள்கள் சீப்பின் பற்கள்போல மாறி மாறி அமைய வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே அமைந்தது. கடைசியில், எதிரும் புதிருமான குட்டி சீட்டுகளில் ஒன்றில் ஹம்சா. மற்றதில் சாய்சரணும் ஆசிஃபும், முழங்காலைத் தாடையில் முட்டுக்கொடுத்தபடி.

"டை கசங்குதா தம்பி?" என்று கேட்டாள் ஹாஜிரா பீ.

"டை நல்லாகீது காலாம்மா. காலுதான் எதுன்னு தெரியல. இதுல ஒண்ணு இந்தப் பையனோடது."

சுப்புலக்ஷ்மி வழக்கம்போல் தலை எண்ணினாள். கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் எண்ணாமல் கிளம்ப மாட்டாள். "எட்டு. சரி, போலாம்."

வெங்கடரமணன் வண்டியை எடுத்தான்.

புதன்கிழமை வண்டியில்கூட அவன் தெருவை இந்த உயரத்திலிருந்து பார்த்ததில்லை. ஆட்டோக்களின் மஞ்சள் கூரைகள் கீழே ஓடின. பஸ் டிரைவரின் முகம் நேருக்கு நேர் வந்தது. அவர் வண்டியைப் பார்த்து, உள்ளே இருந்த கூட்டத்தைப் பார்த்து, வாயைப் பிளந்து, வழிவிட்டார். மந்தைவெளி தாண்டியது. பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது ஒன்பது பேரும் ஒரே உடம்பாக ஒருபக்கம் சாய்ந்து ஒரே உடம்பாக நிமிர்ந்தார்கள். பத்ரிநாராயணன் "ஆஹா" என்றார். கைக்குழந்தை விழித்துக்கொண்டு, அழாமல், கூரை விளக்கையே பார்த்தது.

அடையாறு பாலத்தில் ஏறியதும் பேச்சு நின்றது. இடதுபக்கம் ஆறு விரிந்து, மணல்திட்டுகள் விரிந்து, அதற்கப்பால் கடல் ஒரு கோடாகக் கிடந்தது. அவன் ஞாயிற்றுக்கிழமைதோறும் போகும் பாலம்தான். ஒன்பது மாதமாக எழுபது முறையாவது கடந்திருப்பான். அங்கே இவ்வளவு தண்ணீர் இருந்தது அவனுக்குத் தெரியாது.

"நாப்பது நாளா இதெல்லாம் இங்கயேதான் இருந்துச்சா?" என்று ரூபீனா யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

பிளாட் வாசலுக்கு வந்தபோது மணி பத்தரை. கடற்கரைக்குப் போவதாகத்தான் இருந்தது. குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டுமென்று ரூபீனா தாயின் காதில் சொல்ல, "அப்போ மேல போயிடலாம், நம்ம இடம்தானே" என்று சுப்புலக்ஷ்மி முடிவு செய்துவிட்டாள். வெங்கடரமணன் மறுக்க வாயெடுப்பதற்குள் எல்லாரும் மாடிப்படியில் இருந்தார்கள். கூட்டத்தின் நடுவில் ஹம்சாவும்.

ஒன்பது மாதத்தில் அந்த வீட்டுக்கு வந்த முதல் விருந்தாளிகள். நாற்காலி இரண்டு. மற்றவர்கள் தரையில். ஹாஜிரா பீ ஜன்னல்களைத் திறந்தாள். சுப்புலக்ஷ்மி சமையலறையிலிருந்து, "காப்பிப்பொடி இருக்கு, சர்க்கரை இருக்கு, ஒரு பொட்டுப் பால் இல்லையே, என்ன குடித்தனம் இது!" என்று கத்தினாள். உள்ளறையில் ரூபீனா தாலாட்டுபோல எதையோ முனகினாள். சாய்சரண் ஃபேனை ஐந்தில் வைத்தான். பேப்பர் பறந்தது. வெங்கடரமணன் சுவரில் சாய்ந்து நின்றான். சுவர்கள் நகரவில்லை. அதே வீடு. ஆனால் இத்தனைக்கும் இடம் இருந்தது.

ஹம்சா அறை அறையாகப் போனாள். ஒவ்வொரு கதவாகச் சாத்தினாள், உள்ளேயிருந்து தாழிட்டாள், தானே திறந்து வெளியே வந்தாள். குளியலறை. படுக்கையறை. கடைசியாகப் பால்கனி. அதன் தாழ்ப்பாள் மேலே இருக்கும். போன வருஷம் எம்பினாலும் எட்டாது. இப்போது விரல் நுனியில் நின்று அதைத் தொட்டாள், பிடித்தாள், இழுத்தாள். கதவு திறந்து வெயில் உள்ளே விழுந்தது.

வெங்கடரமணன் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது மாதம் எதுவுமே நடக்கவில்லை என்றல்லவா நினைத்திருந்தான். இத்தனை அங்குலம் நடந்திருக்கிறது.

வெறும் தண்ணீர் குடித்துவிட்டுக் கூட்டம் கிளம்பியது. அவன் முன்னால் இறங்கி வண்டியைத் திருப்பி நிறுத்தினான். எல்லாரும் அவரவர் இடத்தில் ஏறினார்கள். சுப்புலக்ஷ்மி எண்ணினாள்.

"ஏழுதான் வரது."

"சரியாத்தானே கீது மேடம்," என்றான் ஆசிஃப் பின்னாலிருந்து. "ஏழு சீட்டு, ஏழு பேரு."

"வரச்சே எட்டு. ஹம்சா எங்கே? செருப்புப் போட்டுண்டு வரேன்னாளே!"

"இங்கே இருக்கேன்," என்று மேலிருந்து குரல் வந்தது.

எல்லாரும் தலையை வெளியே நீட்டினார்கள். இரண்டாவது மாடிப் பால்கனியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் ஹம்சா.

"பெரியம்மா, நீங்க தப்பா எண்ணறேள். பாப்பாவும் ஒண்ணு. பல்லு இல்லேன்னா என்ன, எடத்தை அடைச்சுண்டுதானே இருக்கா? வரச்சே ஒம்போது பேர். வண்டியில ஏழு சீட். ஆசிஃப் அண்ணா காலை மடிச்சுண்டே வந்தார், பாவம்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். சொல்ல வேண்டியதை மாடியில் தனியாக நின்று பலமுறை சொல்லிப் பார்த்திருப்பாள் போலிருந்தது. "நானும் அப்பாவும் இங்கயே இருந்துட்டா உங்க எல்லாருக்கும் எடம் சரியா இருக்கும்."

ஏசி மட்டும் உறுமியது.

பிறகு பத்ரிநாராயணன் தொண்டையைச் செருமினார். "கணக்கு சரி," என்றார்.

வெங்கடரமணன் கதவைத் திறந்தான். தரை நினைத்ததைவிடக் கீழே இருந்தது. இறங்கினான். வண்டியின் வெதுவெதுப்பான பக்கவாட்டில் கையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். பால்கனியில் அந்தச் சின்ன உருவம். பெரியவர்கள் ஒன்பது மாதம் ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் சுற்றிச் சுற்றி வந்ததை, ஆறு வயதில் ஒரு கழித்தலில் முடித்துவிட்டு, விடை சரிதானா என்று கேட்பதுபோல் நின்றுகொண்டிருந்தது. இவள் என் மகளா என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. என்னிடமிருந்தா இது வந்தது?

ஆசிஃப் பின்கதவு வழியாக வெளியே வந்து, கால்களை உதறி, ஓட்டும் இடத்தில் போய் உட்கார்ந்தான். இடம் விசாலமாகிவிட்டது. சுப்புலக்ஷ்மி மட்டும் வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்று சொன்னவள், வண்டி நகர்ந்ததும் ஜன்னலுக்கு வெளியே எக்கினாள்.

"ராத்திரி நடுவுல தண்ணி கேப்பா, வெங்கட்! தயிர் சாதத்துக்குக் கடுகு தாளிக்கக் கூடாது! பாவாடை பையில இருக்கு, வண்டியிலயே... நில்லுப்பா, ஆசிஃப், நில்லு! இதோ பை! தலையை வாரிட்டா வலது பக்கம்தான் வகிடு, இடது பக்கம் எடுத்தா அழுவா!"

"வர்றோம் சார்!" என்றான் ஆசிஃப். "எத்தினி பேருன்னு இப்போ எழுதிக்கலாமா?"

"எழுதிக்கோ," என்றான் வெங்கடரமணன். "நீங்க எல்லாரும்."

வண்டி ஏழு பேரோடு வளைந்து திரும்பியது. ஹாஜிரா பீ கைக்குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். தெருமுனையில் பிரேக் விளக்கு எரிந்து அணைந்தது.

அவன் பையை எடுத்துக்கொண்டு படியை நோக்கி நடந்தான்.

"அப்பா!" என்று மேலிருந்து அதட்டல் வந்தது. "அப்படியே வராதே. பால் இல்லைன்னு பெரியம்மா சொன்னாளே. வாங்கிண்டு வா."

அவன் நின்றான். "எத்தனை பாக்கெட்?"

ஹம்சா விரல்விட்டு எண்ணினாள்.

"ரெண்டு. நாளைக்கும் வேணும்."